நூற்றுக்கு நாலு

அஞ்சுகம் வீடு பார்க்கப் போனால் முதலில் சுவரைத் தட்டுவாள். இருபத்தாறு வருஷம் சித்தாளாகக் கலவை சுமந்தவள். எந்தச் சுவரில் பூச்சு உள்ளே பொத்தலாக நிற்கிறது, எந்தத் தளத்தில் தண்ணீர் ஊறிக் கிடக்கிறது என்பதெல்லாம் விரல் முட்டி பட்டாலே தெரிந்துவிடும். ஆனால் இப்போது வீடு நல்லதா கெட்டதா என்பது சுவரில் இல்லை. வாடகை எவ்வளவு ஏறும், எப்போது ஏறும் என்பதில்தான் இருக்கிறது. அதைத் தட்டிப் பார்க்க முட்டி போதாது.

முன்பெல்லாம் வீட்டுக்காரர் வருஷத்துக்கு ஒருமுறை வந்து வாசலில் நின்று தலையைச் சொறிவார். மகள் கல்யாணம், விலைவாசி என்று இழுத்து ஐந்நூறோ ஆயிரமோ ஏற்றுவார். அவரிடம் அழலாம், சண்டை பிடிக்கலாம், அவர் மனைவியைப் பிடித்துச் சொல்லச் சொல்லலாம். இப்போது நகரத்துக் கட்டடங்களில் பாதிக்கு மேல் ஒரே கம்பெனியின் கையில். வாடகையை முடிவு செய்வது கணினி. பதினோரு மாத ஒப்பந்தம் முடிகிற அன்று அது ஓர் எண்ணைச் சொல்லும், அவ்வளவுதான். ஜனங்கள் அதற்குக் கணக்குப்பிள்ளை என்று பேர் வைத்திருந்தார்கள். ஆடியிலும் மார்கழியிலும் நம் ஆட்கள் வீடு மாற மாட்டார்கள் என்பதைக்கூட அது கற்று வைத்திருந்தது. அந்த மாதங்களில் ஒப்பந்தம் முடிகிறவனுக்குக் கழுத்தில் கால் வைத்து ஏற்றும்.

அஞ்சுகத்துக்கு மூன்று வருஷத்தில் ஐந்து வீடு ஆயிற்று. நூற்றுக்குப் பதினெட்டு, நூற்றுக்கு இருபத்திரண்டு, கடைசியாக முப்பத்தொன்று. வேறு யாராக இருந்தாலும் செங்குன்றம் பக்கமோ அதற்கும் அப்பாலோ போயிருப்பார்கள். அவளால் முடியாது. புருஷன் தணிகாசலம் பதினான்கு வருஷம் கிரானைட் அறுத்தவன். கல்தூசி நுரையீரலில் போய்ப் படிந்து கெட்டியாகிவிட்டது. வாரத்துக்கு இரண்டு நாள் நெஞ்சு ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். மற்ற நேரத்தில் காற்றை வடித்துக் கொடுக்கும் பெட்டி ஒன்று பக்கத்தில் ஓட வேண்டும், அதற்குக் கரண்ட் போகக் கூடாது. ஆஸ்பத்திரியிலிருந்து இரண்டு கிலோமீட்டருக்குள் லிஃப்ட் வேலை செய்கிற வீடு வேண்டும். அந்த வட்டத்தை விட்டு வெளியே போனால் அவன் மூன்று மாதம் தாங்க மாட்டான் என்று டாக்டரம்மா முகத்துக்கு நேராகவே சொல்லியிருந்தார்.

"ஒரு பில்டிங் இருக்குக்கா," என்றார் புரோக்கர் ஜப்பார் பாய். எருக்கஞ்சேரி நெடுஞ்சாலையில் டீக்கடை ஓரம் நின்றபடி, தன் போனை அணைத்து பைக் பெட்டிக்குள் போட்டுப் பூட்டிவிட்டுத்தான் பேசினார். "மேகலா அடுக்ககம். ஏழு மாடி. ஒம்பது வருஷமா நூத்துக்கு நாலுதான் ஏறுது. ஒரு தடவகூட அஞ்சு ஆனது கிடையாது."

அப்படியானால் எப்படிக் காலியாக இருக்கிறது என்று கேட்டாள். மூன்றாவது மாடியில் ஒரு கிழவர் செத்துப் போனார் என்றார். அங்கே ஆள் செத்தால்தான் வீடு காலியாகும் என்றார். அப்புறம் டீயை உறிஞ்சிவிட்டு, அவள் முகத்தைப் பார்க்காமலே சொன்னார்: "போனதும் யார்கிட்டயும் பேசாத. அவங்களும் பேச மாட்டாங்க. இன்னா ஏதுன்னு என்னைக் கேக்காத."

அஞ்சுகம் தலையை ஆட்டினாள். ஏன் பேச மாட்டார்கள் என்பது அவளுக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. நாற்பத்தெட்டு வயதில், எத்தனை வாசலில் அவளை நிற்க வைத்து "நீங்க எந்த ஊர் பக்கம்? ஊர்ல எந்தத் தெரு?" என்று சுற்றி வளைத்துக் கேட்டிருப்பார்கள். இங்கே வளைக்காமல் இருந்துவிட்டுப் போகட்டும் என்று நினைத்துக்கொண்டாள்.

வைகாசி மாதம் ஒரு புதன்கிழமை சாமான்களை ஏற்றினார்கள். காற்றுப் பெட்டியை ஒரு பழைய டிவி அட்டைப்பெட்டிக்குள் வைத்துக் கொண்டுவரச் சொன்னதும் ஜப்பார் பாய்தான். காரணம் சொல்லவில்லை. மூன்றாவது மாடியில் ஆறு வீடு. அவர்கள் மாடிக்கு வந்து நின்றபோது ஓர் ஆள் லிஃப்டிலிருந்து இறங்கினான். தணிகாசலம் மூச்சு வாங்கிச் சுவரைப் பிடித்து நிற்பதைப் பார்த்தான், பார்த்துவிட்டுப் பார்க்காதவன் போலத் தாண்டிப் போனான். எதிர்வீட்டு அம்மாள் கதவை அகலத் திறந்து வெளியே வந்து, அவர்கள் பாயையும் பாத்திரத்தையும் ஒரு நோட்டம் விட்டு, காறித் துப்பாத குறையாக ஒரு சத்தம் எழுப்பிவிட்டு உள்ளே போனாள். கதவு அறைந்ததில் நிலைப்படியே அதிர்ந்தது.

தணிகாசலம் சிரித்தான். "நல்ல வரவேற்பு," என்றான்.

அஞ்சுகத்துக்குச் சிரிப்பு வரவில்லை. அவளுக்கு ஒரு பிடிவாதம் உண்டு. ஒதுங்கு என்று வாயால் சொன்னால் ஒதுங்கிவிடுவாள். சொல்லாமல் ஒதுக்கினால் அந்த இடத்தில்தான் போய் நிற்பாள். அடுப்பை வைத்தாள், பாலைக் காய்ச்சினாள், பொங்கவிட்டாள், சர்க்கரையும் ஏலக்காயும் போட்டாள். புது வீட்டில் பால் காய்ச்சி அக்கம்பக்கத்துக்குக் கொடுக்காமல் அவள் எந்த வீட்டிலும் குடி புகுந்ததில்லை. ஜப்பார் பாய் பேசாதே என்றார், கொடுக்காதே என்று சொல்லவில்லையே. எவள் தன் கைப்பாலை வேண்டாம் என்கிறாள் என்று நேருக்கு நேர் பார்த்துவிட வேண்டும் என்று ஒரு தட்டில் ஐந்து டம்ளரை வைத்துக்கொண்டு புறப்பட்டாள்.

மூன்று கதவுகள் திறக்கவே இல்லை. உள்ளே ஆள் நடமாடும் சத்தம் கேட்டது. நாலாவது கதவு திறந்து, தட்டைப் பார்த்து, பேயைக் கண்ட மாதிரி மூடிக்கொண்டது. எதிர்வீட்டு அம்மாள் மட்டும் டம்ளரைக் கையில் வாங்கினாள். அறுபது வயது இருக்கும், கழுத்தில் சிலுவை தொங்கியது. ஒரு கணம் அந்தப் பாலின் ஆவி முகத்தில் படும்படி நின்றாள். பிறகு கையை நீட்டி, அஞ்சுகத்தின் காலடியில் மொத்தப் பாலையும் ஊற்றினாள்.

"உன் பாலை நீயே நக்கிக் குடி," என்றாள். வராந்தா முழுக்கக் கேட்கும்படி சொன்னாள்.

அஞ்சுகம் அன்று சாப்பிடவில்லை. தரையைத் துடைத்துவிட்டு வந்து, தணிகாசலத்திடம், இவளுங்களை நான் பார்த்துக்கிறேன் என்று மட்டும் சொன்னாள்.

மறுநாள் காலை வேலைக்குக் கிளம்பும்போது லிஃப்ட் பக்கத்தில் நாலைந்து பேர் சுவரைப் பார்த்து நின்றார்கள். அங்கே சிலேட்டு அளவுக்கு எண்கள் ஒளிரும் ஒரு பலகை. ஏற்றம் எவ்வளவு என்பது குடியிருப்பவனுக்கு முன்கூட்டியே தெரிய வேண்டும் என்று சட்டம் வந்த பிறகு மாடிக்கு ஒன்று மாட்டியிருந்தார்கள். ஆறு வீட்டு நம்பர், ஒவ்வொன்றுக்கும் எதிரில் அடுத்த ஏற்றம். புதிதாக ஏதாவது தெரிய வந்தால் கணக்குப்பிள்ளை உடனே எண்ணை மாற்றும். நாலு நாலாக இருந்த வரிசை இப்போது ஆறு என்று இருந்தது. அஞ்சுகத்தின் வீட்டுக்கு ஒன்பது. அவள் வருவதைக் கண்டதும் நின்றவர்கள் கலைந்தார்கள். ஒரு பெண் போகிற போக்கில் தோளால் இடித்துவிட்டுப் போனாள். சாயங்காலம் வந்து பார்த்தால் வாசலில் மீன் செதிலும் குடலும் கொட்டிக் கிடந்தது.

மூன்றாம் நாள் காலை ஆறு மணிக்குக் கதவை யாரோ உதைத்தார்கள். எதிர்வீட்டு அம்மாள். "மொட்ட மாடில உன் துணி என் கொடில கிடக்குது, வந்து எடுத்துத் தொல," என்று கத்திவிட்டுப் படியேறினாள். அஞ்சுகம் துணியே காயப் போட்டிருக்கவில்லை. இன்றைக்கு இரண்டில் ஒன்று பார்த்துவிடலாம் என்று முந்தானையைச் செருகிக்கொண்டு பின்னாலேயே ஏறினாள்.

மொட்டை மாடியில் தண்ணீர்த் தொட்டிக்குக் கீழே மோட்டார் ஓடிக்கொண்டிருந்தது. பழைய மோட்டார், காது கிழியும் சத்தம். அந்த அம்மாள் தொட்டியின் கீழே இருந்த இடுக்கில் குனிந்து நுழைந்து, அஞ்சுகத்தின் கையைப் பிடித்து உள்ளே இழுத்தாள். அடிக்கத்தான் போகிறாள் என்று அஞ்சுகம் கையை ஓங்கினாள்.

"அடிக்காத," என்று அவள் காதோடு வாய் வைத்துச் சொன்னாள் அந்த அம்மாள். "மோட்டார் இருவது நிமிஷம்தான் ஓடும். அதுக்குள்ள சொல்லிடறேன். என் பேரு ரோஸ்லின். அந்தப் பாலைக் கீழ ஊத்தினதுக்கு நேத்தெல்லாம் அழுதுக்கினு இருந்தேன்."

அஞ்சுகத்துக்கு ஒன்றும் விளங்கவில்லை.

ரோஸ்லின் சொன்னதன் சுருக்கம் இது. வீட்டுக்குள் காது வைக்கக் கூடாது என்று கோர்ட் சொல்லிவிட்டது. ஆனால் வராந்தா, லிஃப்ட், படிக்கட்டு, மொட்டை மாடி, கேட் எல்லாம் பொது இடம். அங்கே கணக்குப்பிள்ளை கேட்டுக்கொண்டே இருக்கிறது. போனில் யார் எந்த டிக்கெட் எடுத்தார்கள், எந்தக் கடையில் எந்த மாத்திரை வாங்கினார்கள் என்பதும் அதற்குப் போகிறது. இத்தனையையும் வைத்துக்கொண்டு அது கேட்பது ஒரே ஒரு கேள்விதான்.

"இவன் வீட்டைக் காலி பண்ணுவானா, மாட்டானா. அவ்ளோதான் அதுக்குத் தெரியணும். போக மாட்டான்னு தெரிஞ்சா ஏத்தும். போனாலும் போயிடுவான்னு தோணிச்சின்னா அடக்கி வாசிக்கும். புள்ள பக்கத்து ஸ்கூல்ல படிச்சா ஏத்தும். சீக்காளி இருந்தா ஏத்தும். பக்கத்து வீட்டுக்காரியோட சிரிச்சிப் பேசினா ஏத்தும். சிநேகிதம் இருக்குற எடத்த விட்டு எவன் போவான்?"

அதனால் ஒன்பது வருஷமாக அந்தக் கட்டடத்தில் யாரும் யாரோடும் சிநேகிதம் இல்லை. செவ்வாயும் சனியும் மூன்றாவது மாடி சண்டை போடும். மற்ற மாடிகளுக்கு மற்ற நாட்கள். குழாயடிச் சண்டை, குப்பைச் சண்டை, செருப்புச் சண்டை. இவ்வளவு பகையில் எவனும் நிலைக்க மாட்டான், ஏற்றினால் ஓடிவிடுவான் என்று கணக்குப்பிள்ளை நினைத்துக்கொண்டு நாலோடு நிறுத்துகிறது.

நடிப்பா என்று கேட்டாள் அஞ்சுகம்.

"நடிச்சா கண்டுபுடிச்சிடும். கொரல்ல தெரிஞ்சிடுமாம். இந்த ஒம்பது வருஷத்துக்கு முந்தி நடிச்சோம், பதினஞ்சு ஏத்தினான். நெஜமா வலிக்கணும். வலிச்சாதான் கொரல் மாறும்." ரோஸ்லின் வெளியே எட்டிப் பார்த்துவிட்டுத் திரும்பினாள். "அதனால ஒவ்வொருத்தரும் எங்க அடிச்சா வலிக்கும்னு எதிராளிகிட்ட சொல்லி வெச்சிருக்கோம். எனக்குப் பொண்ணு. ரெண்டு தெரு தள்ளித்தான் இருக்கா. வந்து போனா வாடகை ஏறும்னு நான்தான் வராதேன்னேன். இப்ப அவளா வரமாட்டேங்கறா. பேரப்புள்ளைக்கு நாலு வயசு, நான் பாத்ததில்ல. நீ அத்த எடுத்து அடி."

அஞ்சுகம் தொட்டியின் அடிச்சுவரில் சாய்ந்தாள். மோட்டாரின் அதிர்வு முதுகுவழியாக ஏறிப் பல்லைக் கிட்டித்தது.

"உனக்கு எங்க வலிக்கும், சொல்லு. நேரம் ஆவுது."

அஞ்சுகம் அதை யாரிடமும் சொன்னதில்லை. தணிகாசலம் முதலில் டைல்ஸ் பதிக்கிற வேலையில்தான் இருந்தான். மேஸ்திரி ஒருநாள், கல் அறுக்கிற மிஷினுக்கு ஆள் வேண்டும், கூலி கூட என்றார். தூசிக்குப் பயந்து எல்லாரும் நழுவினார்கள். அவனும் நழுவியிருந்தான். அஞ்சுகம்தான் அவனுக்குத் தெரியாமல் மேஸ்திரியிடம் போய், என் வீட்டுக்காரரைப் போடுங்க, நான் சொன்னதாகச் சொல்லாதீங்க என்று கேட்டுக்கொண்டாள். மேஸ்திரி கட்டாயப்படுத்திப் போட்டதாகவே அவன் இன்றுவரை நினைத்துக்கொண்டிருக்கிறான். ஒவ்வொரு இருமலுக்கும் அந்த மேஸ்திரியைத் திட்டுகிறான். அவளும் கூடச் சேர்ந்து திட்டுகிறாள்.

இதைச் சொல்லி முடித்து, "அவரு செவ்வாக்கிழமை ஆஸ்பத்திரிக்குப் போயிடுவாரு. அன்னிக்கு மட்டும் சொல்லுக்கா," என்றாள். அதற்குள் மோட்டார் நின்றது. ரோஸ்லின் இடுக்கிலிருந்து வெளியே வந்த வேகத்தில், "இன்னொரு தடவ என் கொடில கை வெச்ச, கைய ஒடிப்பேன்," என்று இரைந்தபடி படியிறங்கினாள்.

முதல் சண்டையில் அஞ்சுகத்துக்கு நாக்கு ஒட்டிக்கொண்டது. நாலாவது வாரம் பழகிவிட்டது. பெற்ற பெண்ணே உன் வாசலை மிதிக்கவில்லையே, அதிலேயே தெரியவில்லையா உன் லட்சணம் என்று அவள் சொன்னபோது ரோஸ்லினின் கன்னச் சதை துடித்ததைப் பார்த்தாள். பலகையில் ஆறு ஐந்தாகி, ஐந்து நாலாயிற்று; அவள் வீட்டு ஒன்பதும் இறங்கி நாலில் நின்றது. அன்றைக்கு அஞ்சுகம் வீட்டுக்குள் வந்து வாயைக் கொப்பளித்தாள். ஆனால் அடுத்த வாரம் கொப்பளிக்கவில்லை. அதற்கடுத்த வாரம், சனிக்கிழமை எப்போது வரும் என்று மனசுக்குள் ஒன்று காத்திருந்தது. கல் சுமக்கிற இடத்தில் சூப்பர்வைசர் பேசியதற்கெல்லாம், பஸ்ஸில் இடித்தவனுக்கெல்லாம், சேர்த்து வைத்து ரோஸ்லின் மேல் கொட்டினாள். அங்கே இருந்த எல்லோரும் அப்படித்தான். மோட்டார் ஓடும் இருபது நிமிஷத்தில் ஒருவருக்கொருவர் மன்னிப்புக் கேட்டுக்கொள்வது ஆரம்ப வருஷங்களில் இருந்ததாம். இப்போது யாரும் மேலே வருவதில்லை என்று ரோஸ்லினே சொல்லியிருந்தாள்.

தணிகாசலத்துக்கு விஷயத்தைச் சொல்லியாயிற்று. மாத்திரையைக் கடையில் வாங்காமல் ஆஸ்பத்திரியிலேயே வாங்கிக்கொண்டார்கள். அவன் வராந்தாவில் இருமக் கூடாது. லிஃப்டில் ஏறுமுன் ஈரத்துண்டை வாயில் அழுத்திக்கொள்வான். கண் பிதுங்கும், இருமல் வராது. அவன் அதையும் வேடிக்கையாக்கிவிட்டான். வராந்தாவில் அவளை, "ஏய் மூதேவி, என் தலையெழுத்தே," என்று திட்டிவிட்டு உள்ளே வந்து கதவைச் சாத்தியதும், "எப்டி இருந்துச்சி?" என்று கேட்பான். அந்த ஒரு கதவுக்குப் பின்னால் மட்டும் அவர்கள் புருஷன் பெண்டாட்டியாக இருந்தார்கள்.

பங்குனியில் ஐந்தாம் நம்பர் வீட்டில் குழந்தை பிறந்தது. ஒன்பது வருஷத்தில் அந்த மாடியில் முதல் குழந்தை. அதை லிஃப்டில் கொண்டு வந்தபோது நின்றிருந்த அத்தனை பேரும் எட்டிப் பார்த்து, ஒரு நொடி, தம்மை மறந்து சிரித்துவிட்டார்கள். மறுநாள் பலகையில் எல்லா வீட்டுக்கும் ஏழு. அஞ்சுகத்தின் ஒப்பந்தம் முடிய மூன்று வாரம்தான் இருந்தது. நூற்றுக்கு நாலு என்றால் சமாளிக்கலாம். ஏழு என்றால் காற்றுப் பெட்டியின் வாடகையில் கை வைக்க வேண்டும். செவ்வாய்க்கிழமை ஒரு பெரிய சண்டை போட்டே ஆக வேண்டும் என்பது யாரும் சொல்லாமலே எல்லோருக்கும் தெரிந்தது.

அந்தச் செவ்வாய்க்கிழமை யுகாதி. விடுமுறை என்பதால் ஆஸ்பத்திரியில் சீட்டுப் போடவில்லை, தணிகாசலம் போகவில்லை. உள்ளே பெட்டியைப் போட்டுக்கொண்டு படுத்திருந்தான். அஞ்சுகம் கதவைத் திறந்து வெளியே வந்தபோது ரோஸ்லின் ஏற்கெனவே கத்த ஆரம்பித்திருந்தாள். பக்கத்து வீடுகளும் சேர்ந்துகொண்டன. அஞ்சுகம் கண்ணால் ஜாடை காட்டினாள், தலையை அசைத்தாள், கையால் உள்ளே என்று காட்டினாள். ரோஸ்லின் அதைப் பார்க்கிற நிலையில் இல்லை. அன்று காலைதான் மகள் இருக்கும் தெரு வழியாகப் போய், மாடியில் காய்ந்துகொண்டிருந்த சின்னச் சட்டையைப் பார்த்துவிட்டு வந்தவள்.

"நீ பேசாத, புருஷனத் தின்னவளே," என்றாள். "அவன் பாட்டுக்கு டைல்ஸு பதிச்சிக்கினு இருந்தான். மேஸ்திரி கால்ல போய் விழுந்து அவனக் கல்லறுக்கப் போடச் சொன்னவ யாரு? கூலி நாப்பது ரூவா கூடன்னு அவன் நெஞ்சுல மண்ண அள்ளிப் போட்டது யாரு? மேஸ்திரியா, நீயா?"

வராந்தா அமைதியாயிற்று. பெட்டியின் சத்தம் கதவுக்கு உள்ளே நின்றுபோனதை அஞ்சுகம் கேட்டாள். அவன் அதை அணைத்திருக்கிறான், நன்றாகக் காதில் விழட்டும் என்று.

உள்ளே போனபோது அவன் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்திருந்தான். அவள் பெட்டியைப் போட்டாள், குழாயை மூக்கில் மாட்டினாள். மாட்டவிட்டான். எப்டி இருந்துச்சி என்று கேட்கவில்லை. அவள் சொன்ன எதற்கும் பதில் சொல்லவில்லை, அன்றைக்கும் இல்லை, அடுத்த நாளும் இல்லை. வைத்த சோற்றில் பாதியைத் தின்றான். போனைப் பார்த்துக்கொண்டே கிடந்தான். அவள் வந்தால் கவிழ்த்து வைத்தான்.

பலகை இறங்கியது. மற்ற வீடுகள் ஏழிலிருந்து ஐந்துக்கு வந்தன. அஞ்சுகத்தின் வீடு நாலு, பிறகு மூன்று. சனிக்கிழமை இரண்டு. மேகலா அடுக்ககத்தில் இரண்டை யாரும் கண்டதில்லை. வேறு மாடிக்காரர்கள் வந்து பார்த்துவிட்டுப் போனார்கள். தோளால் இடித்த அந்தப் பெண் அஞ்சுகத்தை ஒருமுறை பொறாமையோடு பார்த்தாள். அதில் நடிப்பே இல்லை.

ஞாயிறு காலை மோட்டார் போட்டதும் அஞ்சுகம் மேலே ஏறினாள். ரோஸ்லினும் வந்தாள். இருவரும் தொட்டிக்குக் கீழே குந்தினார்கள்.

"வீட்ல இருக்காருன்னு தெரியாது," என்றாள் ரோஸ்லின். "ஏசப்பா சத்தியமா தெரியாது."

ரெண்டு ஆகியிருக்கிறது, பார்த்தாயா என்று மட்டும் அஞ்சுகம் கேட்டாள். கேட்டபோது அவள் குரலில் கொஞ்சம் நிம்மதிகூட இருந்தது. எப்படியோ இன்னும் பதினோரு மாதம் அவன் ஆஸ்பத்திரிக்குப் பக்கத்தில் இருப்பான், பேசாவிட்டால் போகிறான் என்று அவள் நினைத்துக்கொண்டிருந்தாள்.

ரோஸ்லின் இல்லை என்று தலையாட்டினாள்.

"சண்டை போட்டா நாலு வரும், அஞ்சுகம். ரெண்டு வராது. ஒம்பது வருஷமா நாங்க போடாத சண்டையா? ரெண்டுன்னா அதுக்கு எதுவோ நிச்சயமாத் தெரிஞ்சிருக்கு. டிக்கெட்டு எடுத்திருந்தாதான் இப்டி எறங்கும்." பிறகு, மோட்டார் சத்தத்துக்கு மேல் கேட்க வேண்டும் என்று இன்னும் கிட்டே வந்து, "உன் வீட்ல யாரோ கெளம்புறாங்க," என்றாள்.

அரக்கோணத்தில் தணிகாசலத்துக்கு ஒரு தங்கை இருந்தாள். ஓட்டு வீடு. பகலில் பாதி நேரம் கரண்ட் இருக்காது. நெஞ்சு ஆஸ்பத்திரி கிடையாது.

அஞ்சுகம் படியில் விழுந்து எழுந்து இறங்கினாள். கதவு உள்ளே தாழ் போட்டிருந்தது. டிவி அட்டைப்பெட்டியைத் தரையில் இழுக்கும் சத்தமும் டேப் கிழிக்கும் சத்தமும் கேட்டது. தட்டினாள். சத்தம் நின்றது, பிறகு மறுபடி ஆரம்பித்தது. மேலே மோட்டார் நின்றுவிட்டது. வராந்தா ஊசி விழுந்தால் கேட்கும்படி இருந்தது. கூரையில் கொட்டைப்பாக்கு அளவில் பொருத்தியிருந்த அந்தக் காதை அவள் அண்ணாந்து பார்த்தாள். அப்புறம் கதவில் நெற்றியை வைத்துக்கொண்டு சொன்னாள். கத்தவில்லை.

"நான்தான் போடச் சொன்னேன். இஷ்டமில்லாதவனப் போட வேணாம்னாரு மேஸ்திரி. நான்தான் ரெண்டு தடவ போய்க் கேட்டேன். அப்புறம் உன்கூட சேந்து அந்த ஆளத் திட்டினேன். பதினேழு வருஷமாத் திட்டினேன். நீ என்னத் திட்டு, அடி, மூஞ்சியப் பாக்காத. அரக்கோணம் போவாத. அங்க போனா செத்துடுவ. நீ இல்லாம எனக்கு இருக்கத் தெரியாது."

பக்கத்துக் கதவுகள் ஒவ்வொன்றாகத் திறந்தன. ஐந்தாம் நம்பர்க்காரி கையில் குழந்தையோடு நின்றாள். மேலிருந்து இறங்கி வந்த ரோஸ்லின் கடைசிப் படியில் நின்றுவிட்டாள். யாரோ பலகையைப் பார்த்து அடிவயிற்றிலிருந்து ஒரு சத்தம் போட்டார்கள். இந்த மாடியிலும் பாசம் உண்டு என்பதைக் கணக்குப்பிள்ளை கேட்டுவிட்டது; மாடி முழுக்க ஐந்து எட்டாகியிருந்தது. அஞ்சுகத்தின் வீட்டுக்கு மட்டும் இன்னும் இரண்டு.

அவள் ஒருத்தி அழுதால் போதாது. போகிறவன் போகிறான் என்பதில் கணக்குப்பிள்ளைக்குச் சந்தேகமே இல்லை.

"வாய மூடுடி," என்றான் முன்பு லிஃப்டிலிருந்து இறங்கிப் பார்க்காமல் போனவன். "எங்க வயித்துல அடிச்சிட்டு ஒப்பாரி வேற." அவன் குரலில் தேடிப் பிடித்த வார்த்தை எதுவும் இல்லை, தானாக வந்தது. இன்னொருத்தி, இவளை இன்றைக்கே தள்ளிவிட வேண்டும் என்றாள். ரோஸ்லினைப் பார்த்தாள் அஞ்சுகம். ரோஸ்லினும் முகத்தைத் திருப்பிக்கொண்டு, "எனக்கும் எட்டு ஆயிடுச்சி, பாவி," என்றாள். தன் வீட்டுக்குள் போய்க் கதவை மெதுவாகச் சாத்தினாள். அறைந்து சாத்தியிருந்தால் அஞ்சுகத்துக்கு இவ்வளவு வலித்திருக்காது.

அவள் எங்கும் போகவில்லை. கதவில் முதுகைச் சாய்த்துத் தரையில் உட்கார்ந்தாள். சுற்றி நின்று ஏசினார்கள், அவள் பலகையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். உள்ளே டேப் கிழிக்கிற சத்தம் நின்று நெடுநேரம் ஆகியிருந்தது. எப்போது நின்றது என்று அவளுக்கு ஞாபகம் இல்லை.

இரண்டு, மூன்றாயிற்று.

மூன்று, அப்படியே நின்றது. பிறகு ஒரே தாவலாக எட்டு.

ஏசிக்கொண்டிருந்தவர்கள் கையை நீட்டிக் காட்டிச் சபித்தார்கள். அஞ்சுகம் முழங்காலைக் கட்டிக்கொண்டு, எழுத்துக்கூட்டிப் படிப்பவள் போல அந்த எண்ணை உதட்டுக்குள் சொல்லிப் பார்த்தாள்.

முதுகுக்குப் பின்னால் தாழ் விலகியது. தணிகாசலம் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றான். பெட்டி இல்லாமல் அத்தனை தூரம் நடந்து வந்ததில் உதடு நீலம் பாரித்திருந்தது. ஈரத்துண்டு கையில் இல்லை. வராந்தாவில், எல்லோருக்கும் முன்னால், குனிந்து நின்று இருமினான், நன்றாக, அடித் தொண்டையிலிருந்து இருமினான். இருமி முடித்து, அவளைப் பார்க்காமல் சொன்னான்.

"டிக்கெட்ட கேன்சல் பண்ணிட்டேன். அத்தோட விட்டுட்டேன்னு நெனச்சிக்காத. நான் சாவற வரிக்கும் உன்ன மன்னிக்கப் போறதில்ல."

பலகையில் அவர்கள் வீட்டுக்குப் பதினான்கு என்று வந்தது. அஞ்சுகம் அவன் கையைப் பிடித்து எழுந்தாள்.